'தி பிரின்சஸ் பிரைட்' படத்தை வீட்டில் மறுபடி பார்க்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய படத்தை டிஸ்கில் எடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது ஆரம்பித்தால் நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான். சொன்னவுடன் ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கதையின் முடிச்சுகள் பலவும் கீழே அவிழ்ந்துவிடும். முதல்முறை பார்ப்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

எந்தப் படம் இது? ஒரு வரியில் கதை என்ன?

1987ல் வந்த அமெரிக்கப் படம். இயக்கம் ராப் ரெய்னர். திரைக்கதை வில்லியம் கோல்ட்மேன், 1973ல் தான் எழுதிய நாவலையே திரைக்கதையாக்கினார். ஃப்ளோரின் என்ற கற்பனை நாட்டில் பட்டர்கப் என்ற பெண்ணும் பண்ணையாள் வெஸ்ட்லியும் காதலிக்கிறார்கள். அவன் பணம் சம்பாதிக்கக் கடல் ஏறுகிறான், கடற்கொள்ளையரிடம் சிக்கி இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. ஐந்து வருடம் கழித்து இளவரசன் ஹம்பர்டிங்க் அவளை மணக்க ஏற்பாடு செய்கிறான். கல்யாணத்துக்கு முன் மூன்று பேர் அவளைக் கடத்துகிறார்கள். கறுப்பு முகமூடி போட்ட ஒருவன் அவர்களைத் துரத்துகிறான்.

ஒரு வரி கேட்டீர்கள், பல வரி ஆகிவிட்டது. இந்தப் படத்தைச் சுருக்கிச் சொல்வது எளிதல்ல. காதல், சாகசம், நகைச்சுவை மூன்றும் ஒரே காட்சிக்குள் இருக்கும். எதை விட்டுச் சொன்னாலும் வேறு படம் போலத் தெரியும்.

தியேட்டரில் பெரிதாக ஓடவில்லையாமே?

நஷ்டப் படம் இல்லை, ஆனால் கொண்டாடவும் ஒன்றுமில்லை. செலவு சுமார் 1.6 கோடி டாலர், அமெரிக்காவில் வசூல் சுமார் 3 கோடி டாலர். அந்த ஆண்டு டொரொண்டோ திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது வாங்கிய படம் இது. அதாவது, பார்த்தவர்களுக்குப் பிடித்திருந்தது. பார்க்க வைப்பதில்தான் சிக்கல்.

மேலே சொன்ன சுருக்கும் பிரச்சினையே விளம்பரத்திலும் வந்தது. குழந்தைகளுக்கான ராஜா ராணி கதையா, பெரியவர்களுக்கான கிண்டலா, வாள் சண்டைப் படமா என்று ஸ்டுடியோவால் முடிவு செய்ய முடியவில்லை என்று ரெய்னர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பெயரைப் பார்த்துப் பையன்கள் ஒதுங்கினார்கள்.

பிறகு வீடியோ கேசட் வந்தது. ஒருவர் வாடகைக்கு எடுத்துப் பார்த்து இன்னொருவரிடம் சொல்ல, அவர் எடுக்க, வீட்டுக் குழந்தைகள் அதையே திரும்பத் திரும்பப் போட, பத்து வருடத்தில் வசனமெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு தலைமுறை உருவாகிவிட்டது. 2016ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இதைச் சேர்த்தார்கள். கேசட் இல்லாமல் இது நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

வீட்டில் பார்ப்பது எப்படியும் இரண்டாம்பட்சம்தானே?

பெரும்பாலான சாகசப் படங்களுக்கு ஆமாம். இதற்கு இல்லை. இதை வீட்டில் பார்ப்பதுதான் சரியான முறை என்பது என் கட்சி.

படம் எப்படி ஆரம்பிக்கிறது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். காய்ச்சலில் படுத்திருக்கும் ஒரு பையன் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறான். தாத்தா வருகிறார், கையில் ஒரு புத்தகம். பையனுக்கு ஆர்வமே இல்லை. அதில் விளையாட்டு இருக்குமா என்று கேட்கிறான். முத்தக் கதையா என்று சந்தேகப்படுகிறான். நாம் பார்க்கும் சாகசம் முழுவதும் அந்தப் படுக்கையறையில் தாத்தா படித்துக் காட்டும் கதைதான். பீட்டர் ஃபால்க் தாத்தா, ஃபிரெட் சாவேஜ் பேரன்.

நடுநடுவே பையன் குறுக்கிடுகிறான். பட்டர்கப்பை அலறும் விலாங்குகள் நெருங்கும்போது தாத்தா படிப்பதை நிறுத்திவிட்டு, இப்போது அவளை விலாங்கு தின்னாது என்று சமாதானம் சொல்கிறார். ஹம்பர்டிங்க்குடன் கல்யாணம் என்றதும் பையனுக்குக் கோபம், கதையைத் தப்பாகப் படிக்கிறீர்கள் என்று சண்டைக்கு வருகிறான். படம் இங்கே நிற்கும், பின்னால் போகும், விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடும். ரிமோட் வைத்துக்கொண்டு நாம் வீட்டில் செய்வதும் இதேதான். இருநூறு பேர் நடுவே இருட்டில் உட்கார்ந்து பார்த்தபோது அந்தக் குறுக்கீடுகள் ஒரு நல்ல உத்தியாகத் தெரிந்திருக்கும். ஒரு அறையில், போர்வைக்குள், பக்கத்தில் ஒருவர் தொணதொணத்துக்கொண்டிருக்கும்போது அவை வேறு மாதிரி வேலை செய்கின்றன. அந்த அறைக்குள் நாமும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

கேசட், டிவிடி, ப்ளூ-ரே எல்லாம் இருக்கின்றன. எதில் பார்ப்பது?

கேசட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் நான் முதலில் பார்த்தேன். பலர் கை மாறித் தேய்ந்த பிரதி அது. கடத்தல்காரர்களின் தலைவன் விஸினியும் முகமூடிக்காரனும் விஷக் கோப்பைகளை வைத்துக்கொண்டு அறிவுப் போட்டி நடத்தும் காட்சியில் திரையின் கீழே வெள்ளைக் கோடுகள் ஓடும். அந்தக் காட்சியை மட்டும் யாரோ அடிக்கடி நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள் என்று ஊகித்துக்கொண்டோம். அதில் ஒரு சுகம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைய டிவி சதுரத்துக்கு ஏற்ற வடிவத்தில் படம் இருந்தது, நிறங்கள் சாயம் போனது போல் இருந்தன. ஏக்கத்துக்காக ஒருமுறை பார்க்கலாம், அவ்வளவுதான்.

டிவிடி நல்ல முன்னேற்றம். 2001ல் வந்த சிறப்புப் பதிப்பில் நாயகன் கேரி எல்வெஸ் படப்பிடிப்பில் கையில் கேமராவோடு சுற்றி எடுத்த வீடியோ நாட்குறிப்பு இருக்கிறது. 2007ல் இருபதாம் ஆண்டுப் பதிப்பு வந்தது. அதன் அட்டையில் தலைப்பை எழுதியிருக்கும் விதம் வேடிக்கையானது: தலைகீழாகப் பிடித்தாலும் அதே தலைப்புதான் படிக்க வரும். அட்டைக்காகவே அதை வைத்திருக்கிறேன்.

படம் நன்றாகத் தெரிய வேண்டும் என்றால் பழைய படங்களைப் புதுப்பித்து வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் 2018ல் கொண்டுவந்த ப்ளூ-ரே. 4கே தரத்தில் புதுப்பித்த பிரதியிலிருந்து எடுத்தது. பச்சை நிறம் பச்சையாகவே தெரிகிறது, இருட்டுக் காட்சிகளில் முகம் தெரிகிறது. ஃபிலிமின் மணல்மணலான தன்மையைத் துடைத்து எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். முதல்முறை அதைப் பார்ப்பவர்கள் படம் சுத்தமாக இல்லை என்று நினைப்பதுண்டு. அது அழுக்கல்ல, ஃபிலிமே அப்படித்தான் இருக்கும்.

வேறு நாட்டு டிஸ்க் வாங்கும் முன் எந்த நாட்டு டிஸ்க் ஓடும் என்பதைச் சொல்லும் மண்டலக் குறியீட்டை உங்கள் பிளேயரில் பார்த்துவிடுங்கள். வாங்கி வந்து போட்டதும் திரையில் ஒரு மறுப்புச் செய்தி மட்டும் வரும் சோகம் எனக்கு நேர்ந்திருக்கிறது.

என் டிவிடியில் 94 நிமிடம்தான் ஓடுகிறது. படம் 98 நிமிடம் அல்லவா, வெட்டிவிட்டார்களா?

வெட்டவில்லை. ஃபிலிம் நொடிக்கு 24 பிரேம். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பழகிய PAL என்ற டிவி முறையில் தயாரித்த டிவிடி நொடிக்கு 25 பிரேம் காட்டும். அதற்காகப் படத்தையே நான்கு சதவீதம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். 98 நிமிடம் 94 ஆவது அப்படித்தான். ஒரு காட்சியும் குறையாது, ஆனால் சரிசெய்யாமல் விட்டால் குரல்கள் கொஞ்சம் மெலிந்து கேட்கும். கடத்தல்காரர்களில் ராட்சத உருவம் கொண்ட ஃபெஸிக்காக வரும் ஆந்த்ரேயின் ஆழமான குரலில் அது தெரியும். ப்ளூ-ரேயில் இந்தத் தொல்லை இல்லை.

புது டிவியில் போட்டால் ஏன் சீரியல் மாதிரித் தெரிகிறது?

டிவியின் அமைப்புகளில் மோஷன் ஸ்மூத்திங் என்று ஒன்று இருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும். இரண்டு பிரேம்களுக்கு நடுவே இல்லாத பிரேம்களை டிவியே கற்பனை செய்து நுழைக்கும் வேலை அது. கிரிக்கெட்டுக்குச் சரி. சினிமாவுக்கு வேண்டாம், வாள் சண்டைக்கு வேண்டவே வேண்டாம். அதை அணைத்துவிடுங்கள். சினிமா மோட் அல்லது ஃபிலிம்மேக்கர் மோட் என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

தெளிவான பிரதியில் செட்டெல்லாம் செட் என்று தெரிகிறதே?

தெரிகிறது. கேசட்டில் மங்கலாக இருந்ததால் தப்பித்த விஷயங்கள் இப்போது தப்பிக்கவில்லை.

கடத்தல்காரர்கள் கயிறு பிடித்து ஏறும் பெரிய செங்குத்துப் பாறையைப் பாருங்கள். தூரத்தில் தெரிவது அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள மோஹர் பாறைகள், நிஜம். கிட்டத்தில் நடிகர்கள் தொங்குவது இங்கிலாந்தில் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் கட்டியது. மேலே இடிந்த கோட்டையில் நடக்கும் வாள் சண்டையும் ஸ்டுடியோவுக்குள்தான். வானம் திரைச்சீலை போல அசையாமல் நிற்கும். நெருப்புச் சதுப்பு நிலத்தில் வெஸ்ட்லியைக் கடிக்கும் ராட்சத எலிக்குள் ஒரு ஆள் இருக்கிறார் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். ஹம்பர்டிங்க்கின் அரண்மனை மட்டும் உண்மையான பழைய கட்டடம், டெர்பிஷையரில் உள்ள ஹாடன் ஹால்.

இது எனக்குக் குறையாகப் படவில்லை. ஒரு பையன் தாத்தா சொல்வதைக் கேட்டு மனதுக்குள் கட்டிக்கொள்ளும் நாடு இது. படப் புத்தகத்தில் வரும் பாறை மாதிரி இருந்தால்தான் பொருத்தம். மோஹர் பாறைகளை அசல் கம்பீரத்தோடு காட்டிவிட்டு, அடுத்த நொடி அட்டைப் பாறைக்கு வரும் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் எலி விஷயத்தில் வாதாட மாட்டேன்.

அந்த வாள் சண்டை நிஜமாகவே நடிகர்கள் போட்டதா?

குட்டிக்கரணங்கள், கம்பியில் சுற்றித் தாவுவது தவிர மற்றதெல்லாம் முகமூடிக்காரனாக, அதாவது வெஸ்ட்லியாக, வரும் கேரி எல்வெஸும், கடத்தல்காரர்களில் வாள்வீரனான இனிகோவாக வரும் மேண்டி படின்கினும் போட்டதுதான்.

கற்றுக்கொடுத்தவர்கள் பீட்டர் டயமண்ட், பாப் ஆண்டர்சன். ஆண்டர்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக வாள் பிடித்தவர். 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் இரண்டாவது, மூன்றாவது படங்களில் டார்த் வேடர் உடைக்குள் இருந்து வாள் சண்டை போட்டவரும் அவர்தான். நடிகர்கள் படப்பிடிப்புக்கு நடுவே கிடைத்த இடைவேளையெல்லாம் பயிற்சி எடுத்தார்கள். முதலில் அமைத்த சண்டை சட்டென்று முடிந்துவிட்டது, போதாது என்று ரெய்னர் சொல்ல, மறுபடி நீட்டிக் கட்டினார்கள்.

வீட்டில் பார்ப்பதில் உள்ள வசதி, இந்தச் சண்டையைக் கையை மட்டும் பார்த்து ஒருமுறை, காலை மட்டும் பார்த்து ஒருமுறை, முகத்தை மட்டும் பார்த்து ஒருமுறை ஓட்டலாம். இருவரும் இடது கையில்தான் ஆரம்பிக்கிறார்கள். தோற்கப்போகும் நேரத்தில் இனிகோ சிரிக்கிறான், தான் இடதுகைக்காரன் இல்லை என்று சொல்லி வலதுக்கு மாறுகிறான். கொஞ்ச நேரத்தில் மற்றவனும் அதையே சொல்லி மாறுகிறான். அதாவது, நடிகர்கள் இருவரும் இரண்டு கையிலும் பழகியிருக்க வேண்டும். சண்டை நடுவே அவர்கள் உதிர்க்கும் பொனெட்டி, கப்போ ஃபெர்ரோ, திபோ, அக்ரிப்பா எல்லாம் வெறும் சத்தமல்ல. வாள் வீச்சின் வரலாற்றில் நிஜமாகவே இருக்கும் ஆசான்களின் பெயர்கள்.

சண்டைக்கு முந்தைய சில நிமிடங்களைத் தாண்டி ஓட்டிவிடாதீர்கள். பாறையில் தொங்கும் எதிரிக்கு இனிகோ கயிறு போட்டு மேலே ஏற்றுகிறான். மூச்சு வாங்க நேரம் கொடுக்கிறான். அப்பாவின் கதையைச் சொல்லித் தன் வாளை அவன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறான். அவன் வியந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறான். அப்புறம்தான் இருவரும் கொல்ல முயல்கிறார்கள். இவ்வளவு மரியாதையோடு தொடங்கும் சண்டை வேறு எங்கும் எனக்கு நினைவில் இல்லை.

சின்ன வயதில் வெஸ்ட்லிதான் பிடித்தது. இப்போது இனிகோவைத்தான் பார்க்கத் தோன்றுகிறது. எனக்கு மட்டும்தானா?

இல்லை, பலரும் இதைச் சொல்கிறார்கள். வெஸ்ட்லிக்கு எல்லாம் வரும். வாள் வரும், மல்யுத்தம் வரும், விஷத்தைக்கூட உடம்புக்குப் பழக்கி வைத்திருப்பான். அப்படிப்பட்டவனைப் பன்னிரண்டு வயதில் ஆராதிக்கலாம். இனிகோ அப்படியில்லை. பதினொரு வயதில் கண்முன்னே அப்பாவைப் பறிகொடுத்தவன். ஆறு விரல் உள்ளவனைத் தேடி இருபது வருடம் அலைந்தவன். நடுவில் குடித்துக் கெட்டவன்.

மேண்டி படின்கினின் அப்பா 1972ல் புற்றுநோயில் இறந்தார். அந்த ஆறு விரல்காரன் கவுண்ட் ருகனைக் கொல்லும் கடைசிக் காட்சியில் தன் அப்பாவைக் கொன்ற நோயைத்தான் எதிரே நிறுத்திக்கொண்டேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அவன் தன் பெயரையும் சபதத்தையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு ரத்தம் வழிய நிமிர்ந்து வரும் அந்த இடம் சிரிப்புப் படத்தில் இருப்பதாகவே தோன்றாது. பணம் தருகிறேன், என்ன வேண்டுமானாலும் தருகிறேன் என்று ருகன் கெஞ்சுவான். இனிகோவுக்கு வேண்டியது அப்பா மட்டும்தான். கேசட்டில் பார்த்த வயதில் எனக்கு இது பழிவாங்கும் காட்சி. இப்போது அப்படிப் பார்க்க முடியவில்லை.

அதைவிடச் சின்ன வசனம் ஒன்று கடைசியில் வரும். பழிவாங்குவதே தொழிலாக இவ்வளவு காலம் இருந்துவிட்டேன், முடிந்துவிட்டது, இனி மிச்ச வாழ்க்கையை என்ன செய்வதென்று தெரியவில்லை என்கிறான் இனிகோ. ஜன்னலோரத்தில், போகிற போக்கில் சொல்வது. சின்ன வயதில் அது காதில் விழுந்ததாகக்கூட நினைவில்லை. பிற்காலத்தில் தனக்கு மிகப் பிடித்த வசனமாகப் படின்கினும் அதையே சொல்கிறார்.

ஃபெஸிக்காக நடித்தவர் நிஜமாகவே அவ்வளவு பலசாலியா?

ஆந்த்ரே த ஜயண்ட், பிரான்ஸில் பிறந்த உலகப் புகழ் மல்யுத்த வீரர். உருவம் நிஜம். ஆனால் அந்த நேரத்தில் முதுகு அறுவைச் சிகிச்சை முடிந்து வலியோடு இருந்தார், எடை தூக்க முடியாத நிலை. ஜன்னலிலிருந்து குதிக்கும் பட்டர்கப்பை அவர் கையில் ஏந்தும்போது ராபின் ரைட்டைத் தாங்கியவை கம்பிகள். வசனம் பழக ரெய்னர் அவருடைய பகுதிகளை ஒலிநாடாவில் பேசிக் கொடுத்தார். வெளிப்புறப் படப்பிடிப்பில் குளிரில் நடுங்கிய ராபின் ரைட்டின் தலைமேல் ஆந்த்ரே தன் கையை வைத்துச் சூடு ஏற்றுவாராம், தொப்பி போல. 1993ல், 46 வயதில் இறந்துவிட்டார்.

அவர் பேசுவது சில இடங்களில் புரியாது. சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், தவறில்லை. இனிகோவும் அவரும் எதுகை பிடித்து விளையாடும் இடம் எழுத்தில் பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கிறது.

ரிமோட்டில் நிறுத்திப் பார்க்க வேண்டிய இடங்கள்?

பள்ளத்தாக்குப் பகுதியில் வெஸ்ட்லி தரையில் உட்காரும் விதத்தைக் கவனியுங்கள், ஒரு காலை நீட்டி வைத்து ஜாக்கிரதையாக உட்காருவார். ஆந்த்ரேயின் சிறு மோட்டார் வண்டியை ஓட்டிப் பார்த்து எல்வெஸ் கால் பெருவிரலை உடைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

சதுப்பு நிலத்தை விட்டு வெளியே வந்ததும் கவுண்ட் ருகன் வாளின் பிடியால் வெஸ்ட்லியின் தலையில் தட்டுவான். சும்மா தொட்டால் நம்பும்படி இல்லை, கொஞ்சம் நிஜமாகத் தட்டுங்கள் என்று எல்வெஸே கேட்டிருக்கிறார். ருகனாக நடித்த கிறிஸ்டோபர் கெஸ்ட் தட்டினார். எல்வெஸ் கண் விழித்தது மருத்துவமனையில். படத்தில் இருப்பது அந்த அடிதான்.

நெருப்புச் சதுப்பில் பட்டர்கப்பின் பாவாடையில் தீப்பிடிக்கும் இடம்: படப்பிடிப்பைப் பார்க்க வந்திருந்த கோல்ட்மேன், அவள் உடையில் தீ என்று கத்தி டேக்கைக் கெடுத்துவிட்டார். எழுதியவரே அவர்தான்.

அதிசய வைத்தியர் மிராக்கிள் மேக்ஸ் வரும் காட்சியில் மேக்ஸாக நடித்த பில்லி கிரிஸ்டல் சொந்தமாக அள்ளிவிட்டதில் ரெய்னர் சிரிப்பை அடக்க முடியாமல் செட்டை விட்டு வெளியே போக வேண்டியதாயிற்று. சிரிப்பை அடக்கி அடக்கியே படின்கினுக்கு விலா எலும்பில் அடிபட்டது. படம் முழுக்க வாள் சுழற்றியவருக்குக் காயம் வந்தது சிரிப்பில்தான்.

குறையே இல்லாத படம் போலப் பேசுகிறீர்களே?

இருக்கிறது. பெரிய குறை, பட்டர்கப்.

படத்தின் பெயரே அவளை வைத்துத்தான். ஆனால் அவள் செய்வது மிகக் கொஞ்சம். கடத்துகிறார்கள், மீட்கிறார்கள், கல்யாணம் செய்து வைக்கப் பார்க்கிறார்கள், மறுபடி மீட்கிறார்கள். ராட்சத எலியோடு வெஸ்ட்லி கட்டிப் புரளும்போது ஒரு குச்சியை வைத்துக்கொண்டு தள்ளி நிற்பாள். பட்டர்கப் பேசுவதில் பெரும்பகுதி காதலைப் பற்றியோ காதலன் இல்லாத துக்கத்தைப் பற்றியோதான் இருக்கும். படகிலிருந்து குதிப்பது, வெஸ்ட்லியைச் சரிவில் தள்ளிவிடுவது, ஹம்பர்டிங்க்கைக் கோழை என்று முகத்துக்கு நேராகச் சொல்வது என்று மூன்று நல்ல தருணங்கள் உண்டு. ராபின் ரைட் அப்போது இருபது வயது. அந்த மூன்றிலும் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள், இன்னும் நிறையக் கொடுத்திருந்தால் செய்திருப்பார். பேரன் கேட்க விரும்பாத பகுதிகளைத் தாத்தா தாண்டிப் படித்துவிட்டார் என்று சமாதானம் சொல்லலாம். நானும் சொல்லிப் பார்த்தேன், முழுதாகத் திருப்தி இல்லை.

அடுத்தது இசை. மார்க் நாஃப்ளர் அமைத்தது, மெட்டுகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பெரும்பகுதி சிந்தசைசரில் வாசித்தது. பழைய ராஜாங்கக் கதையின் பின்னால் 1980களின் மின்னணு ஒலி வரும்போது, நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் உறுத்துகிறது. கடைசியில் வரும் பாட்டு ஆஸ்கருக்குப் பரிந்துரையானது. பரிசு 'டர்ட்டி டான்சிங்' பாட்டுக்குப் போனது.

நாவலை முதலில் படிக்கலாமா?

படம் முதலில், நாவல் பிறகு. எஸ். மார்கன்ஸ்டெர்ன் என்பவர் எழுதிய பழம்பெரும் நூலைத் தான் சுருக்கித் தருவதாகக் கோல்ட்மேன் அதில் பாவனை செய்வார். அப்படி ஒரு ஆள் கிடையாது, மூல நூலும் கிடையாது. இதை நம்பி மூலத்தைத் தேடி அலைந்தவர்கள் உண்டு. நாவலில் கிண்டலும் கசப்பும் அதிகம். தாத்தா பேரன் என்ற கதகதப்பு படத்துக்காகச் செய்தது. நாவலில் காய்ச்சலில் கிடக்கும் பையனுக்கு அப்பா படித்துக் காட்டுவார்.

கோல்ட்மேனுக்கு இரண்டு பெண்கள். என்ன கதை வேண்டும் என்று கேட்டபோது ஒருத்தி இளவரசி என்றாளாம், இன்னொருத்தி மணப்பெண் என்றாளாம். தலைப்பு அங்கேயே கிடைத்துவிட்டது.

கூடுதல் சமாச்சாரங்களில் எது தேறும்?

கிரைட்டீரியன் பதிப்பில் 1996ல் பதிவுசெய்த விளக்க ஒலித்தடம். ரெய்னர், கோல்ட்மேன், தயாரிப்பாளர் ஆண்ட்ரூ ஷீன்மன், பில்லி கிரிஸ்டல், பீட்டர் ஃபால்க் பேசுகிறார்கள். ஃபால்க் பேசும் பகுதிக்காகவே கேட்கலாம், ஏனென்றால் இந்தப் படத்தில் கதை சொல்லியே அவர்தான். எல்வெஸின் வீடியோ நாட்குறிப்பும் நன்றாக இருக்கும். மற்றவை அவரவர் பொறுமையைப் பொறுத்தது.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

பார்க்கலாம். ஏழெட்டு வயது என்றால் நிம்மதி. வெஸ்ட்லியைச் சித்திரவதை இயந்திரத்தில் கட்டிப் போடும் பகுதி கடுமையானது, ரத்தம் இல்லாமலே பயமாக இருக்கும். இனிகோவின் கடைசிச் சண்டையில் ரத்தமும் உண்டு, ஒரு கெட்ட வார்த்தையும் உண்டு. எலியைப் பார்த்துப் பயப்பட மாட்டார்கள், சிரிப்பார்கள்.

முத்தக் காட்சியில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுங்கள். படத்துக்குள் இருக்கும் பையனும் அதைத்தான் செய்கிறான்.

நடுவில் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் படம் கெட்டுவிடாதா?

மற்ற படங்கள் கெடும். இதை நிறுத்தலாம்.

எங்கள் வீட்டுச் சின்னவளுக்கு முதல்முறை போட்டுக் காட்டினேன். பட்டர்கப் இரவில் கடலில் குதித்தாள், விலாங்கின் அலறல் கேட்டது. இவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். நான் படத்தை நிறுத்தி, ஒன்றும் ஆகாது, அவளை அது தின்னாது என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டாள். ஏற்கெனவே பார்த்திருக்கிறேன் என்றேன். யோசித்துவிட்டு, சரி போடு என்றாள். போட்டேன். விலாங்கு வாயைத் திறந்துகொண்டு பாய்ந்தது, உடனே காட்சி மாறிப் படுக்கையறை வந்தது. தாத்தா புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, இப்போது அவளை விலாங்கு தின்னாது என்று பேரனிடம் சொன்னார்.

சின்னவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ரிமோட்டைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டாள்.